டயர் துணியா, மருந்தா?

என் கணவர் எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது “உழைக்குமா?” என்றுதான். குடை, குக்கர், செருப்பு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. ஒருமுறை பூந்தொட்டி வாங்கும்போதுகூடக் கேட்டார். தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவர். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும், எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவருடைய உலகத்தில் நல்ல பொருள் என்றால் பீரோவில் வைத்தது வைத்தபடி இருக்கவேண்டும். என் கல்யாணப் பட்டு இன்றைக்கும் ஜரிகை கருக்காமல் இருப்பதில் அவருக்குப் பெரிய பெருமை. கல்யாணம் இன்றைக்கும் இருப்பதில் அந்தப் பெருமை உண்டா என்று நான் ஒருமுறை கேட்டேன். “அதுவும் நல்ல சரக்குதான்” என்றார்.

நான் ராயப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்தவள். என் உலகம் இதற்கு நேர் எதிர். அங்கே எதுவும் வைத்தது வைத்தபடி இருக்காது. அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே மாத்திரை செத்துப்போயிருக்கும். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் போட்டுத் தேதி பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ரொட்டி, தயிர், ரவை, கடலைமாவு. கல்யாண வீட்டில் கொடுக்கும் குளிர்பானத்தைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். சம்பந்தி வீட்டார் இதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் கொடுத்த பாட்டில் தேதி தாண்டியதுதான்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து காருக்கு டயர் வாங்கப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கார் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். பதினோரு வருடத்துக்கு முன்னால் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். மயிலாப்பூரில் இருந்துகொண்டு காருக்குக் கொடுக்க வேலை அதிகம் இல்லை. காய்கறி, கோயில், வங்கி எல்லாம் நடை. தி. நகருக்குக் காரில் போகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபம்தான் வரும், அங்கே நிறுத்த இடம் தேடுவதற்குள் கடையை மூடிவிடுவார்கள் என்பார். அடையாறில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கும், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கவும் மட்டும் கார் வெளியே வரும்.

அதுகூட எல்லா வாரமும் இல்லை. எங்கள் அடுக்ககத்தில் வீடு ஆறு, கார் நிறுத்தும் இடம் நான்கு. முதலில் வந்து நிறுத்துகிறவருக்குத்தான் இடம். எடுத்தால் போயிற்று. நிழலான நல்ல மூலை ஒன்று எங்கள் கையில் இருந்தது, அதை விடக்கூடாது என்பதற்காகவே பல நாள் ஆட்டோவில் போயிருக்கிறோம். கார் நிற்கும் இடத்தைக் காப்பாற்ற ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிற கூத்து மயிலாப்பூரில் மட்டும்தான் நடக்கும் என்று என் தங்கை சொல்வாள். அடையாறிலும் நடக்கிறது, அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஓடாத காருக்கு உபசாரம் மட்டும் குறைவில்லை. அவருடைய கடையில் மிஞ்சிய திரைச்சீலைத் துணியில், அரக்கு நிறத்தில், அளவெடுத்து உறை தைத்துப் போட்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மூலையில் ஒரு சோபா நிற்கிறது என்று நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் உறையை உருவி, இன்ஜினைப் போட்டு, ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும்வரை ஓடவிட்டு அணைப்பார். பிறகு நான்கு டயருக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவார். பட்டுக்கு நாப்தலின் உருண்டை, டயருக்குத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் அவருக்கு. டயர்கள் கோயில் யானை மாதிரி கருகருவென்று மின்னும். கார் ஓர் அடி நகராது.

நகராமல் போனதற்கு இடம் போய்விடும் என்ற பயம் மட்டும் காரணமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசியில், ஒரு சம்பவம் நடந்தது.

தங்கை வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. கிரீன்வேஸ் சாலைப் பக்கம் ஒரு பெண் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு குறுக்கே வந்தாள். இவர் பிரேக் போட்டார். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், அவள் கையிலிருந்த கூடையைத் தட்டிவிட்டுத்தான் நின்றது. கூடையிலிருந்த கொய்யாப்பழங்கள் ரோடு முழுக்க உருண்டன. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நின்ற இடத்திலேயே இவரை வாய் வலிக்கத் திட்டினாள், நாங்கள் பழத்தைப் பொறுக்கிக் கொடுத்தோம், காசும் கொடுத்தோம், அவள் போய்விட்டாள். இவர் மட்டும் அங்கேயே நின்றார். மழையில் நனைந்துகொண்டு தன் வலது காலைப் பார்த்தபடி நின்றார்.

“கால் லேட்டாயிடுச்சு” என்றார். “நான் பார்த்தேன். பார்த்தும் கால் போகல.”

அன்றைக்கு வீடு வந்து சாவியைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். அதோடு சரி, வெள்ளிக்கிழமை இன்ஜினைப் போட மட்டும்தான் அதை எடுப்பார். வருத்தப்பட்டுப் புலம்பியிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவர் புலம்பவில்லை. கணக்குத் தீர்ந்தது என்பதுபோல அமைதியாக இருந்தார். அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நாளில் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தார். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறமாட்டேன் என்றார். ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் “வயசாயிடுச்சும்மா” என்று ஒரே பதில். டாக்டர் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பிரேக்கில் மனிதருக்குப் பத்து வயது கூடிவிட்டது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கார் மேல் ஆசையும் கிடையாது. அந்தப் பத்து வயதை அவரிடமிருந்து திரும்ப வாங்கவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் மறுபடி அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் அது நடக்கும் என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. எப்படிப் பிடிக்கவைப்பது என்றுதான் தெரியவில்லை.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, உறையை உருவியவர் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார். முன்பக்கத்து டயர் ஒன்று தரையோடு தரையாகக் கிடந்தது. தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் வந்து பார்த்தார். எண்ணெயை ஒரு துணியால் துடைத்துவிட்டு டயரின் பக்கவாட்டில் விரலை வைத்தார். உலர்ந்த களிமண்ணில் விழுவதுபோல வெடிப்பு ஓடியிருந்தது.

“இது பஞ்சர் இல்ல சார். சைடு வுட்டுப்போச்சி. நாலும் இப்டித்தான் கீது. செட்டா மாத்திடுங்க.”

“பட்டன் அப்படியே இருக்கேப்பா” என்றார் இவர். டயர் தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் புடைப்புகளை இங்கே பட்டன் என்பார்கள். அது உண்மையிலேயே புதுசு மாதிரி இருந்தது. ஓடினால்தானே தேய்வதற்கு.

பஞ்சர் கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு யோசிக்கவே நேரம் ஆகவில்லை.

“அப்பா, வித்துடுங்கப்பா. போன்ல கூப்பிட்டா வாசலுக்கே டாக்ஸி வருது. எதுக்கு அதுக்கு ஒரு டயர் செலவு?”

இவர் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஆமா, எனக்கெதுக்கு இனிமே கார்” என்றார். நான் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“கார் விக்கிறதா இல்ல. டயர் வாங்கப் போறோம்.”

“யாரும்மா ஓட்டுவா?”

“முதல்ல டயர் வரட்டும்” என்றேன்.

இவரை நான் அறிவேன். காரை ஓட்டு என்றால் மாட்டேன் என்பார். ஒரு பொருளைக் கொள்முதல் பண்ணித் தரச் சொன்னால் மறுக்க அவரால் முடியாது. மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். காலை டிபன் முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் டயர் வீடியோக்கள். வட இந்தியாவில் யாரோ ஒருவர் பாலைவனத்தில் ஓட்டிப் பார்க்கிறார், இன்னொருவர் டயரை ரம்பத்தால் அறுத்துக் காட்டுகிறார், இவர் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். பழைய கடை நண்பர்கள், அவர்களுடைய மருமகன்கள், மருமகனின் டிரைவர் வரை போன் போயிற்று. சாப்பிடும்போது டயர், தூங்கப்போகும்போது டயர். வீடு கலகலப்பாக இருந்தது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் முடிவுக்கு வந்தார். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் டயர் ஒன்று இருக்கிறதாம். கெட்டி ரப்பர், லேசில் தேயாது.

“வருஷத்துக்கு நாம ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டினதில்ல” என்றேன். “லட்சம் கிலோமீட்டர்னா நூறு வருஷம். நம்ம பேரன் ரிட்டையர் ஆனப்புறமும் பட்டன் இருக்கும்.”

“இருக்கட்டுமே. நல்லதுதானே.”

“கார் இருக்குமா?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் அசரவில்லை. “உழைக்கிறதுதான் வாங்கணும்” என்றார்.

முடிவு எடுத்த பிறகும் கடைக்குப் போகவில்லை. மறுநாள் வேறு ஒரு கம்பெனியைப் பற்றி ஆரம்பித்தார். அடுத்த வாரம் இன்னொன்று. புரட்டாசியும் பிறந்துவிட்டது. எனக்கு மெல்ல விளங்கியது. டயர் வாங்கிவிட்டால் அடுத்த கேள்வி வரும், யார் ஓட்டுவது என்று. அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் இந்த ஆராய்ச்சி நீண்டுகொண்டே போகிறது. தேர்ந்தெடுக்கிற வரைக்கும் அவருக்கு நிம்மதி. இப்படியே விட்டால் ஸ்டெப்னியும் உட்கார்ந்துவிடும், மகள் சொன்னதுதான் நடக்கும்.

நான் அவரைக் கேட்காமல் சனிக்கிழமைக்கு ஓர் ஆக்டிங் டிரைவரைப் பேசினேன். நாள் கூலிக்கு வந்து நம் காரை நமக்கே ஓட்டித் தருகிறவர்களுக்கு இந்த ஊரில் அந்தப் பெயர். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தார். இவர் பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறினார். அவருடைய காரில் அவரைப் பின்சீட்டில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் தெருவில், வரிசையாக இருக்கிற டயர்க் கடைகளில் ஒன்றுக்குப் போனோம். விற்பனையாளர் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். இவர் தேவையைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“லட்சம் கிலோமீட்டர் சார். டாக்ஸிக்காரங்க எல்லாம் இதான் வாங்குறாங்க. போட்டுட்டு மறந்துடலாம்.”

டயர் வந்தது. இவர் குனிந்து அதன் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். வேட்டிக்கரை பார்க்கிற அதே விரல், அதே முகம். “உழைக்கும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்துக்கொண்டே நானும் குனிந்தேன். எனக்கு வேறு என்ன தெரியும், பழக்கதோஷத்தில் தேதியைத் தேடினேன். டயர் முழுக்க ஏதேதோ எழுத்தும் எண்ணும். அதில் ஓர் இடத்தில் மட்டும், சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் தனியாக இருந்தது.

“இது என்ன நம்பர் தம்பி?”

விற்பனையாளர் கொஞ்சம் தயங்கினார். “அது தயாரிச்ச வாரம், வருஷம் மேடம். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.”

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. டயருக்கும் தேதி போடுகிறார்கள். இத்தனை நாள் இது தெரியாமல், நான் இவருடைய பாலைவன வீடியோக்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. “இது எங்க இருந்தது இவ்வளவு நாள்?”

“குடோன்ல மேடம். ஓடாத டயர்தானே, புதுசுதான்.”

“ஓடாட்டியும் வயசாகும் இல்ல? வேற காட்டுங்க. புதுத் தேதி.”

அவர் உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார். அதற்கும் ஒன்றரை வயது. திருப்பி அனுப்பினேன். அவருடைய கடையில் அடியிலிருக்கும் புடவையை உருவச் சொல்கிற பெண்களைப் பற்றி இவர் என்னிடம் எவ்வளவோ குறைப்பட்டிருக்கிறார். இப்போது விற்பனையாளரைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஒரு முகம் காட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை.

விற்பனையாளர் மூன்றாவது முறை உள்ளே போயிருந்தபோது எனக்கு இன்னொரு யோசனை வந்தது. எங்கள் டயரின் தேதி என்ன? வாசலில் நின்ற காருக்குப் பக்கத்தில் புடவையை ஒதுக்கிக்கொண்டு குந்தினேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் அது தெரிந்தது. பதினோரு வருடம். நான்கில் மூன்று அப்படி. நான்காவதாக மாட்டியிருந்தது ஸ்டெப்னி.

“அது பரவாயில்ல” என்றார் இவர் பெருமையாக. “அது தரையையே தொட்டதில்ல. பிரிக்காத பீஸ்.”

பிரிக்காத பீஸைப் பார்த்தேன். அதே வருடம், அதே வாரம். விரலால் அழுத்தினால் மரக்கட்டையை அழுத்துவதுபோல இருந்தது. ஓரத்தில் மயிரிழைபோல வெடிப்புகள்.

“பாருங்க” என்றேன். “ஓடினதுக்கும் ஓடாததுக்கும் ஒரே கதி. நீங்க இதைப் பட்டுப்புடவைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தீங்க. இது இருமல் மருந்துங்க. மூடியைத் திறந்தாலும் திறக்காட்டியும் தேதி வந்தா முடிஞ்சுது.”

அவரும் குனிந்து அழுத்திப் பார்த்தார். துணிக்காரர் விரல், பொய் சொல்லாது.

விற்பனையாளர் திரும்பி வந்து நாங்கள் இருவரும் ரோட்டோரத்தில் குந்தியிருப்பதைப் பார்த்தார். எங்கள் டயரில் நகத்தை அழுத்தினார், பதியவில்லை.

“இதுலயா சார் ஓட்டினீங்க? ரப்பர் கல்லாயிருக்கு. வெயில்ல எப்படியோ சமாளிச்சுடலாம். மழையில சுத்தமா பிடிக்காது.”

“பிடிக்காதுன்னா?” என்றார் இவர்.

“பிரேக் போட்டா வீல் நிக்கும் சார். வண்டி நிக்காது.”

இவர் எழுந்து நின்றார். எழும்போது கார்க்கதவைப் பிடித்துக்கொண்டவர், பிடித்த கையை எடுக்கவே இல்லை. தெருவில் ஏகப்பட்ட சத்தம், ஒரு கடையில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டுகிறார்கள், இன்னொரு கடையில் காற்றடிக்கும் இயந்திரம் அலறுகிறது. அவர் அதெல்லாம் கேட்காதவர்போல அந்த டயரையே பார்த்தார்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்திருக்குமா?”

“ஒன்பது வருஷ டயர்தானே சார் அப்பவே. இப்படித்தான் இருந்திருக்கும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உருட்டிக்கொண்டு வந்து வைத்திருந்த லட்சம் கிலோமீட்டர் டயரைக் காட்டி, “இது வேண்டாம்” என்றார். “மழையில எது நல்லா பிடிக்கும்? அதைக் காட்டுங்க.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், ஒரு கடையில் நின்று அவர் ‘உழைக்குமா’ என்று கேட்காமல் பொருள் வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வந்த டயர் மென்மையான ரப்பர். லட்சத்தில் பாதிகூட ஓடாது, சீக்கிரம் தேயும் என்று விற்பனையாளர் ஒளிக்காமல் சொன்னார். தேதி அந்த ஆடி மாதத்தது. நான் நான்கையும் தனித்தனியாகப் படித்த பிறகுதான் மாட்டவிட்டேன்.

“தேயுமாம்” என்றேன் அவரைச் சீண்ட.

“தேயட்டும்” என்றார். “தேய்ச்சுப் பார்த்துடலாம்.”

சொன்னது என்ன என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. டயர் மாட்டி, சக்கரங்களைச் சமன்செய்து முடிப்பதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்து தூறல் விழ ஆரம்பித்தது. ஆக்டிங் டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து சாவிக்குக் கையை நீட்டினார். இவர் சாவியைக் கொடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேசிய முழுநாள் கூலியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நீங்க கிளம்புங்க தம்பி. நான் பார்த்துக்கறேன்.”

“இன்னா சார், மழை வர்து. ராயப்பேட்டையாண்ட டிராபிக்கு வேற. நானே வுட்டுட்டு வரேன்.”

“பரவாயில்ல.”

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். எதையாவது சொன்னால் கெட்டுவிடும் என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு அது எவ்வளவு கடினமான காரியம் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் சீட்டை முன்னால் இழுத்தார், கண்ணாடிகளைத் திருப்பினார், வைப்பரைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். பிறகு கிளம்பினார். சைக்கிளில் போகிறவர் எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரனை அடித்துக்கொண்டே வந்து, பக்கத்தில் ஒட்டி நின்று தலையை நீட்டியது.

“இன்னா பெர்சு, வண்டி ஓட்றியா, ஊர்கோலம் போறியா?”

“ஊர்கோலம்தான் நைனா” என்றார் என் கணவர். “முன்னாடி போய் மேளம் அடி.”

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு இவரைப் பார்த்தேன். இரண்டு வருடமாக என் வீட்டில் இருந்த கிழவர் இப்படிப் பேசமாட்டார். வேலை முடிந்து சட்டையில் புதுத்துணி வாசனையோடு வரும்போது, கடையில் நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டுவாரே, அந்த மனிதர் பேசுகிற பேச்சு இது.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியை நெருங்கும்போது தூறல் மழையாகியிருந்தது. அந்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறவர்கள் வண்டியைப் பார்க்க மாட்டார்கள், கையிலிருக்கும் மருந்துச் சீட்டைத்தான் பார்ப்பார்கள். அப்படி வந்து என் கடைப்படியில் ஏறினவர்கள் எத்தனையோ பேர். ஒரு பெண், சீட்டு நனையாமல் முந்தானையால் மூடிக்கொண்டு, அதையே குனிந்து பார்த்தபடி எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

அவர் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது.

மிதித்த இடத்தில் நின்றது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு கார் நிறுத்தலாம், அவ்வளவு இடம் இருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே கடந்து போய்விட்டாள்.

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

“அன்னிக்கு என் கால் லேட் இல்லதானே?”

முப்பது வருடம் மருந்துக்கடையில் இருந்தவளுக்கு ஒரு நோய்க்கு ஒரே காரணம் என்று அடித்துச் சொல்ல நாக்கு எழாது. தெரியாததைச் சொல்லிவிடக்கூடாது என்று அன்றைய மழையை நினைத்துப் பார்த்தேன். கூடையையும் கொய்யாப்பழத்தையும் அல்ல, அதற்கு முந்தைய நொடியை. அந்தக் கூடைக்காரி ரோட்டில் கால் வைத்ததும் சீட் பெல்ட் என் தோளை இழுத்தது. என் உடம்பு முன்னால் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் வழுக்கல் ஆரம்பித்தது. இரண்டு வருடமாக இது எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

“இல்லைங்க” என்றேன். “பெல்ட் இழுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க உடனே மிதிச்சிட்டீங்க. வண்டிதான் அதுக்கப்புறமும் போச்சு.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன். “நீங்க உடனே மிதிச்சிட்டீங்க.”

பின்னாலிருந்த ஹாரன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, மயிலாப்பூருக்குத் திரும்பும் வளைவில் திரும்பாமல் நேராகப் போனார்.